பூசி மெழுகாத சமரசம்: கர்தினால் கொந்தாரினியின் வாழ்க்கை

மலாக்காவுக்குச் சுற்றுலா போகாத மாணவர்கள் நம்மில் அரிது. செந்நிறம் பூசிய டச்சுக் கட்டடங்களுக்குப் பின்னால், புனித பவுல் குன்றின் உச்சியில், கூரையில்லாத பழைய தேவாலயம் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1521இல் போர்த்துக்கீசியர் சிற்றாலயமாக எழுப்பியது அது. 1545இல் மலாக்காவுக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கே போதித்தார். அவர் இறந்த பின் அவருடைய உடலும் 1553இல் சில மாதங்கள் அங்கே புதைக்கப்பட்டிருந்தது. 1641இல் டச்சுக்காரர்கள் நகரைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர், அதாவது புரோட்டஸ்டன்டுகள். கத்தோலிக்கரின் ஆலயம் அவர்களுடையதாயிற்று. கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடத் தடை வந்தது. அவர்கள் தங்களுக்கென்று புனித பேதுரு ஆலயத்தைக் கட்டிக்கொள்ள 1710 வரை காத்திருக்க நேர்ந்தது.

கிறிஸ்து ஒருவரையே வணங்குகிறவர்கள் ஏன் இப்படிப் பிரிந்து நின்றார்கள்? பேசித் தீர்க்க யாரும் முயலவே இல்லையா? முயன்றார்கள். டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்த ஆண்டுக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் இரு தரப்பாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். அந்தப் பேச்சுக்குப் போப்பாண்டவரின் தூதராகச் சென்ற காஸ்பரோ கொந்தாரினியைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன். சவேரியார் சேர்ந்திருந்த இயேசு சபைக்கு அங்கீகாரம் கிடைக்கத் துணை நின்றவரும் இவரே. அந்தச் சபையின் திட்டத்தை 1539இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுலிடம் கொண்டு சேர்த்துப் பரிந்து பேசினார்; மறு ஆண்டு முறையான ஆணை வெளிவந்தது. சவேரியார் லிஸ்பனிலிருந்து கீழ்த்திசை நோக்கிக் கப்பலேறியது 1541 ஏப்ரல் 7ஆம் நாள். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் ரேகன்ஸ்பர்க் மாமன்றம் தொடங்கியிருந்தது.

இவரை நான் தேடிப் படித்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் தாய்வழியினர் கத்தோலிக்கர். தந்தைவழியினர் தஞ்சைப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்குப் பிழைக்க வந்த லுத்தரன் சபையார். ஒரு பாட்டி அருள் என்பதை இன்னொரு பாட்டி கிருபை என்பார். அங்கே பூசை, இங்கே ஆராதனை. அங்கே நற்கருணை, இங்கே இராப்போசனம். கிறிஸ்துமஸ் வந்தால் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முறுக்கு பிழிவார்கள். சமயப் பேச்சு எழும்போது மட்டும் யாராவது ஒருவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவார். எங்கள் வீட்டில் சண்டை இருந்ததே இல்லை. பேச்சும் இருந்ததில்லை. பேசாமலிருப்பதுதான் மரியாதை என்று வெகுகாலம் எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது. கொந்தாரினியின் வாழ்க்கை அப்படியில்லை என்பதே என்னை ஈர்த்தது.

அவர் 1483இல் வெனிஸ் நகரில், பெயர்பெற்ற பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாதுவா பல்கலைக்கழகத்தில் தத்துவம், கணிதம், வானியல் எல்லாம் கற்றார். அங்கே அவருடைய ஆசிரியர் பொம்பொனாட்சி. ஆன்மா அழியாதது என்பதைத் தத்துவத்தின் துணைகொண்டு மட்டும் நிறுவ முடியாது என்று பிற்காலத்தில் அந்த ஆசிரியர் ஒரு நூல் எழுத, மாணவர் அதை மறுத்து எழுதினார். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. மாணவரின் மறுப்பையும் தம் பதிலையும் சேர்த்து 1518இல் அச்சிட்டார். எதிர்க்கருத்தை முழுமையாக எடுத்து வைத்து அதன்பின் மறுக்கும் இந்தப் பழக்கம் அன்றே அவருக்குப் படிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நம் பண்டை உரையாசிரியர்கள் பிறர் கொள்கையை முதலில் நிறுத்தித் தம் கொள்கையைப் பின்னர் நாட்டுவார்களே, அந்த முறைதான்.

அவருடைய வாழ்வைத் திருப்பிய நாள் 1511ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. அப்போது அவருக்கு வயது 27. உயிர் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் துறந்து மலைமடத்தில் துறவியாகச் சேர்ந்திருந்தார். அந்த நண்பரே அத்தனை கடுந்தவம் புரிந்தும் தம் பாவம் தீருமா என்று அஞ்சுகிறார் என்றால், ஊரில் சுகமாக வாழும் தன் கதி என்ன என்ற கலக்கம் கொந்தாரினியைப் பிடித்துக்கொண்டது. வெனிஸிலிருந்த ஓர் ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். முதிய துறவி ஒருவர் ஆறுதலாகப் பேசினார். மீட்பின் வழி பலரும் நினைப்பதைவிட அகலமானது என்ற பொருளில் அவர் சொன்னது இளைஞரின் மனத்தைத் தொட்டது. எத்தனை தவம் செய்தாலும் தன் கடனைத் தன்னால் அடைக்க முடியாது, கிறிஸ்துவின் பாடுகளே அதற்குப் போதும், தான் செய்ய வேண்டியது அவரோடு ஒன்றியிருப்பதே என்று தெளிந்து வீடு திரும்பினார். அன்றிலிருந்து நிம்மதியாக உறங்க முடியும் என்று நண்பருக்கு எழுதினார். அந்தக் கடிதங்கள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக மடத்துச் சுவடிகளுக்குள் கிடந்து, ஹூபர்ட் யெடின் என்ற வரலாற்றறிஞரால் 1950களில்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

அவை வெளிவந்தபோது அறிஞர்கள் வியந்ததற்குக் காரணம் இருக்கிறது. மார்ட்டின் லுத்தர் தம் கலக்கத்திலிருந்து விடுபட்டதும் ஏறத்தாழ இதே எண்ணத்தால்தான். லுத்தர் 1517இல் கிளப்பிய விவாதத்தின் உயிர்நாடியே இதுதான். பாவியான மனிதன் கடவுள்முன் ஏற்கத்தக்கவனாக ஆவது எப்படி? அவனுடைய நற்செயல்களாலா, கடவுளின் அருளாலா? கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்கு இது அந்நியமான கேள்வியாக இருக்காது. வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் காட்டுவார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். முயற்சி எவ்வளவு, அருள் எவ்வளவு என்ற இதே வழக்குத்தான் ஐரோப்பாவை இரண்டாக்கியது. ஒரே அனுபவத்தைப் பெற்ற இருவரில் லுத்தர் போப்பாண்டவரிடமிருந்து விலகினார், கொந்தாரினி விலகவில்லை.

துறவியாகவும் ஆகவில்லை. வெனிஸ் அரசின் தூதராகி 1521 முதல் 1525 வரை பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அவையில் இருந்தார். லுத்தர் பேரரசர் முன் நிறுத்தப்பட்ட வோர்ம்ஸ் நகருக்கு அதே ஏப்ரலில் போய்ச் சேர்ந்தும், அவரை நேரில் சந்திக்கவில்லை. பேரரசரோடு ஸ்பெயினுக்குச் சென்றிருந்தபோது வேறொன்று நடந்தது. மகெல்லனின் கப்பல்களில் ஒன்றான விக்டோரியா, உலகைச் சுற்றிக்கொண்டு 18 பேருடன் 1522 செப்டம்பரில் கரை சேர்ந்தது. நாள் தவறாமல் குறித்து வந்த மாலுமிகளின் கணக்கில் ஒரு நாள் குறைந்திருந்தது. யாருக்கும் விளங்கவில்லை. மேற்கு நோக்கியே சுற்றி வந்தவர்கள் சூரியனோடு சேர்ந்து போனதால் ஒரு நாளை இழந்தார்கள் என்று சரியாக விளக்கியவர் கொந்தாரினி. (அந்தப் பயணத்தில் மகெல்லனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் மலாக்காவில் வாங்கப்பட்ட என்ரிக் என்ற அடிமை, அவன் வழியிலேயே, செபுவில் தங்கிவிட்டான். அவன் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) இரு தரப்பின் கணக்கும் நேர்மையானதாக இருந்தும் விடை மாறலாம் என்பதை இவரைப்போல் கண்கூடாகப் பார்த்தவர்கள் அன்று அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

1535இல் வெனிஸ் மன்றத்தில் அமர்ந்திருந்தபோது, போப்பாண்டவர் மூன்றாம் பவுல் தம்மைக் கர்தினாலாக நியமித்த செய்தி வந்தது. அதுவரை அவர் குருப்பட்டம்கூடப் பெறாத பொதுநிலையினர். திருச்சபையின் சீர்கேடுகளை ஆராய அமைத்த ஒன்பது பேர் குழுவுக்கு அவரே தலைவரானார். 1537இல் அக்குழு கொடுத்த அறிக்கை துணிச்சலானது. போப்பாண்டவரின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று முகத்துதி செய்தவர்களே எல்லாக் கேட்டுக்கும் ஊற்று என்றது. தகுதியற்றவர்க்குப் பட்டம், பதவிகளை வாங்கி விற்பது, தம் மறைமாவட்டத்தில் தங்காத ஆயர்கள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. அறிக்கை எப்படியோ கசிந்து அச்சாயிற்று. லுத்தர் 1538இல் அதைக் கேலிக் குறிப்புகளோடு ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். கர்தினால்கள் நரிவாலைத் துடைப்பமாக வைத்துக்கொண்டு ஆலயத்தைக் கூட்டும் படம் ஒன்றும் அதில் இருந்தது. லுத்தரின் மேதைமையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் தன் வீட்டுக் குப்பையைத் தானே அள்ளிக் காட்டிய ஒருவரை இப்படிக் கேலி செய்தது எனக்கு உவப்பாக இல்லை.

கொந்தாரினி பதிலுக்கு ஏசவில்லை. லுத்தரன் கொள்கைகளை மறுத்து அவர் ஏற்கெனவே எழுதியிருந்த நூலின் முடிவிலேயே தம் வழியைச் சொல்லியிருந்தார். பிரிந்து போனவர்களை வெல்ல நூல்களைக் குவிப்பதும் சொற்பொழிவால் தாக்குவதும் உதவா. நல்வாழ்வும் பணிவும் அன்புமே வேண்டும் என்பது அதன் சாரம். தமிழிலும் இந்தப் போர் பின்னாளில் நடந்ததை நாம் அறிவோம். தரங்கம்பாடி லுத்தரன் சபையை எதிர்த்து வீரமாமுனிவர் வேத விளக்கம், பேதகமறுத்தல் போன்ற உரைநடை நூல்களை எழுதினார். தேம்பாவணி பாடிய அதே கை. தமிழ் உரைநடைக்கு அவற்றால் நன்மை உண்டு. சபைகளுக்கிடையே உறவு வளர்ந்ததாகச் சொல்ல முடியாது.

இனி ரேகன்ஸ்பர்க். பேரரசருக்குச் சமய ஒற்றுமை அவசரமாகத் தேவைப்பட்டது. துருக்கியர் ஹங்கேரியை நெருக்கிக்கொண்டிருந்தார்கள், ஜெர்மன் சிற்றரசர்கள் பிரிந்து நின்றால் படை திரளாது. இந்த அரசியல் கணக்கை மறந்துவிட்டு அந்தப் பேச்சைப் புனிதமாக்கிவிடக் கூடாது. 1541 ஏப்ரல் 27ஆம் நாள் பேச்சு தொடங்கியது. கத்தோலிக்கர் தரப்பில் எக், குரோப்பர், ஃப்ளூக். சீர்திருத்தத் தரப்பில் லுத்தரின் வலக்கையான மெலாங்தன், ஸ்ட்ராஸ்பர்க்கின் பூசர், பிஸ்டோரியஸ். இளைஞர் ஜான் கால்வினும் ஊரில் இருந்தார், மேசையில் இல்லை. கொந்தாரினியும் மேசையில் அமரவில்லை. தினமும் காலையில் கத்தோலிக்கத் தரப்பினர் அவருடைய விடுதிக்கு வந்து ஆலோசித்துவிட்டுத்தான் போவார்கள். எக் வாதத்தில் புலி. லுத்தரோடு முன்பே மோதியவர். அவரைக் கட்டி மேய்ப்பதே கொந்தாரினிக்குப் பாதி வேலையாக இருந்தது.

முன்னதாகவே தயாரித்து வைத்திருந்த 23 பகுதிகள் கொண்ட வரைவு ஒன்றுதான் பேச்சுக்கு அடிப்படை. முதல் நான்கு பகுதிகள் எளிதாக நிறைவேறின. ஐந்தாவது, நான் மேலே சொன்ன உயிர்நாடிக் கேள்வி. இரு தரப்புக்கும் வரைவு பிடிக்கவில்லை. எழுதினார்கள், அடித்தார்கள், மறுபடி எழுதினார்கள். மே 2ஆம் நாள் ஆறு பேரும் ஒப்புக்கொண்ட வாசகம் பிறந்தது. அருளைப் பெற்றவனுக்குள் நற்பண்பும் நற்செயலும் உண்மையாகவே ஊறுகின்றன என்று அது ஏற்றது. இது கத்தோலிக்கரின் அக்கறை. ஆனால் அவன் கடவுள்முன் நிற்கும்போது சார்ந்திருக்க வேண்டியது தன்னுள் ஊறியதையன்று, கிறிஸ்துவின் நீதியையே என்றும் சொன்னது. இது லுத்தரன்களின் அக்கறை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சனிக்கிழமை கொந்தாரினி கண்டுகொண்டது இதைத்தானே. எதிராளி இவ்வளவு விட்டுக்கொடுத்ததைக் கண்டு கால்வினே வியந்து நண்பருக்கு எழுதினார். கொந்தாரினி மகிழ்ச்சியோடு ரோமுக்குச் செய்தி அனுப்பினார்.

மகிழ்ச்சி இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. வேதத்துக்கு இறுதி விளக்கம் தரும் அதிகாரம் யாருக்கு, திருச்சபைச் சங்கங்கள் தவறக்கூடுமா என்ற இடத்தில் முதல் சிக்கல். அதை ஒத்திவைத்துவிட்டு நற்கருணைக்கு வந்தார்கள். அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பதில் லுத்தரன்களுக்கும் ஐயமில்லை. ஆனால் அவற்றின் உட்பொருளே மாறிவிடுகிறது என்று கூறும் பொருள்மாற்றம் என்ற சொல்லை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். வேதத்தில் இல்லாத சொல் என்றார்கள். பேரரசரின் அமைச்சர் கிரான்வெல் ஒரு வழி சொன்னார்: அந்தச் சொல்லை விட்டுவிட்டு, இருவரும் தத்தமக்கேற்பப் பொருள் கொள்ளும்படி பொதுவாக எழுதிவிடலாமே?

கொந்தாரினி மறுத்தார். 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் முடிவு செய்த கோட்பாடு அது. அவர் அதை உண்மை என்று நம்பினார். இருவரும் வெவ்வேறாக நினைத்துக்கொண்டு ஒரே வாசகத்தில் ஒப்பமிடுவது இணக்கமாகாது, பூசி மெழுகுவதாகும் என்பது அவருடைய நிலை. அப்படி ஒட்டியது நாளைக்கே பிய்ந்துகொள்ளும், அப்போது பகை இன்னும் கூடும் என்று அஞ்சினார். எதிர்த்தரப்பும் தன் மனச்சாட்சிக்கு உண்மையாக இருந்தது, மெலாங்தனும் அசையவில்லை. மாத முடிவுக்குள் பேச்சு முறிந்தது. மென்மையானவர் என்று பெயரெடுத்தவர் இங்கே வந்து பிடிவாதக்காரராகிவிட்டார் என்று எழுதிய ஆய்வாளர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஐந்தாம் பகுதியில் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை; தாம் நம்பியதையே எதிர்த்தரப்பிலும் கண்டு ஒப்புக்கொண்டார். நற்கருணையில் அது அங்கே இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு முடிவுகளும் ஒரே நேர்மையிலிருந்து வந்தவை.

என் தாய்வழித் தாத்தாவின் அடக்கப் பூசை நினைவுக்கு வருகிறது. நற்கருணை பெற எல்லாரும் வரிசையாக எழுந்து போனார்கள். என் தந்தை மட்டும் இருக்கையிலேயே இருந்தார். பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள் என்று அத்தை ஒருவர் பிறகு சொன்னார். அப்பா, அவர்களுடைய நம்பிக்கையை மதித்துத்தான் போகவில்லை என்றார். அன்றுதான் எங்கள் குடும்பத்தில் முதல்முறையாக இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

ஒப்புக்கொண்ட ஐந்தாம் பகுதியும் பிழைக்கவில்லை. ஒட்டுப்போட்ட துணி என்று லுத்தர் தள்ளினார். ரோமில் கர்தினால்கள் அவை அந்த வாசகம் இருபொருள்படுவதாகக் கூறி ஏற்க மறுத்தது. கொந்தாரினி தம் வாசகத்தை விளக்கி மே 25ஆம் நாள் நீண்ட கடிதம் எழுதினார், பயனில்லை. ஜெர்மனியில் அவரைக் கடும்போக்காளர் என்றார்கள், இத்தாலியில் லுத்தரனுக்கு விலைபோனவர் என்று முணுமுணுத்தார்கள். பிரெஞ்சு மன்னருக்கோ ஜெர்மனி ஒன்றுபடுவதே பிடிக்கவில்லை. போப்பாண்டவர் அவரைக் கைவிடவில்லை. 1542இல் பொலோன்யா நகருக்குத் தம் பிரதிநிதியாக அனுப்பினார். அதே ஆண்டு ஜூலை 21ஆம் நாள் ரோமில் சமய விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. பேச்சின் காலம் முடிந்து விசாரணையின் காலம் தொடங்கியது. ஆகஸ்டில் கொந்தாரினி காய்ச்சலில் படுத்திருந்தபோது, புகழ்பெற்ற போதகரும் கப்புச்சின் துறவிகளின் தலைவருமான ஒக்கினோ அவரைப் பார்த்துவிட்டுப் போனார். விசாரணைக்கு அஞ்சி அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஜெனிவாவுக்கு ஓடினார். கொந்தாரினி ஆகஸ்ட் 24ஆம் நாள் இறந்தார். வயது 58.

அதன்பின் நடந்தவை வேகமானவை. 1546இல் ஜெர்மனியில் போர் மூண்டது. 1547இல் திரிதெந்து சங்கம் ரேகன்ஸ்பர்க் வாசகத்தின் போக்கை ஏற்காமல் தன் கோட்பாட்டை வகுத்தது. சீர்திருத்தக் குழுவில் கொந்தாரினியோடு கையெழுத்திட்ட கராஃபா 1555இல் நான்காம் பவுல் என்ற பெயரில் போப்பாண்டவரானார்; ரேகன்ஸ்பர்க்கில் கொந்தாரினிக்குத் துணையாக இருந்த மொரோனேயை 1557இல் சிறையில் போட்டார். கொந்தாரினி உயிரோடு இருந்திருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்குமோ. அவருடைய நூல்கள் 1571இல் பாரிஸில் தொகுத்து அச்சிடப்பட்டன. 1589இல் சொந்த ஊரான வெனிஸில் அச்சானபோது, அருளைப் பற்றிய பகுதிகள் தணிக்கையாளரால் திருத்தப்பட்டிருந்தன.

1999 அக்டோபர் 31ஆம் நாள், அதே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகப் பேரவையும் அந்த ஐந்தாம் பகுதியின் கேள்வி குறித்தே கூட்டறிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன. பின்னர் 2006இல் மெதடிஸ்ட் சபைகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. தமிழில் இதைப் பேச முனைந்தால் முதலில் சொல்லே தடுக்கும். ஒருவர் நீதிமானாக்கப்படுதல் என்பார், மற்றவர் ஏற்புடையவராதல் என்பார். 1995இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இந்தத் தடையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, லுத்தரன் பாட்டி கடைசிவரை தம் பழைய வேதப்புத்தகத்தை விடவில்லை என்றாலும்.

ஆக்ஸ்பர்க் அறிக்கை எல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லவில்லை. இன்னும் பேசித் தெளிய வேண்டியவை என்று அதன் இறுதிப் பகுதியில் சில பொருள்கள் குறிக்கப்பட்டுள்ளன. திருச்சபையின் அதிகாரமும் அருட்சாதனங்களும் அவற்றில் இரண்டு. 1541 மே மாதத்தில் கொந்தாரினி விட்டுச் சென்ற இடங்களும் அவைதாம்.